கத்துக்கிறதுக்கு இது போதும்

நீ சென்னைக்கு பஸ் ஏறிய அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: உனக்குக் கிடார் வராமல் போகவில்லை. நாங்கள் உனக்கு வாங்கித் தந்தது கிடாரே இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

பஸ் ஸ்டாண்டில் உன்னோடு வேலைக்குச் சேரப் போகிற உன் தோழி, ஹாஸ்டலில் ஒரு பெண் கிடார் வைத்திருக்கிறாள், சாயங்காலங்களில் எல்லோருக்கும் சொல்லித் தருகிறாள் என்றாள். நீ சிரித்தாய். "என்ன வுட்டுடும்மா தாயே. எட்டு மாசம் கத்துக்கினு பெயிலான கேசு நானு. எனக்குக் கையும் கெடையாது, காதும் கெடையாது" என்றாய். ஆறு வருடங்களாக இதே வாக்கியத்தை இதே சிரிப்போடு நீ சொல்லி வருகிறாய். கல்யாண வீடுகளில் யாராவது உன்னைப் பாடச் சொன்னால் சொல்வாய், கல்லூரித் தோழிகள் வீட்டுக்கு வந்தபோது கிடார் கிடக்கும் பரணைக் காட்டிச் சொன்னாய். நான் உன் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். "தண்ணி பாட்டில் எடுத்து வெச்சியா" என்று கேட்டேன். எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாய். பஸ் கிளம்பிவிட்டது.

நான் அதிகம் பேசாதவள் என்பது உனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன், இன்னும் நாற்பது ஆகவில்லை, அதற்குள் பேசாமல் இருப்பதே என் குணம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நூலகத்திலிருந்து வாரம் மூன்று புத்தகம் எடுத்து வந்து படிக்கிறவள், விஷயம் தெரிந்தவள், ஆனால் வாய் திறக்க மாட்டாள் என்று அதை ஒரு மரியாதையாகவே சொல்வார்கள். நானும் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டேன். உனக்குத் தனியாக எழுதினால் இந்த விஷயம் மறுபடியும் நம் வீட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டுவிடும். அதனால் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன், பக்கத்து வீட்டு அமுதாவின் பெயரைத் தவிர. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ ஒன்பதாம் வகுப்பு போன வருடம் உங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு டீச்சர் கிடார் வாசித்தார். நீ வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, வாயாலேயே அந்த மெட்டு முழுவதையும் திருப்பிச் சொன்னாய். கடைசியில் ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க மட்டும் மிஸ் தப்பா வாசிச்சாங்க" என்றாய். உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று பேரும் பஜாருக்குப் போனோம். கேரம் போர்டும் பொம்மைத் துப்பாக்கியும் பிளாஸ்டிக் பூவும் விற்கிற ஃபேன்சி கடை. மேலே கயிற்றில் நான்கு கிடார்கள், கல்யாண வீட்டு வாழைத்தார் மாதிரி தொங்கின. நீ சிவப்பு நிறத்தைப் பார்த்தாய். கடைக்காரர் அதைக் கழற்றி, தூசியைத் துண்டால் தட்டி, "பிகினர்ஸ் பீஸுங்க. கத்துக்கிறதுக்கு இது போதும்" என்றார். கண்ணாடி அலமாரிக்குள் வேறு ஒன்று, நிறம் பூசாமல் மரத்தின் நிறத்திலேயே இருந்தது. அதைப் பற்றிக் கேட்டதற்கு, "அது வாசிக்கத் தெரிஞ்சவங்களுக்குங்க. கொழந்த கைல குடுத்து இன்னாத்துக்கு வீணாக்கறது" என்றார்.

அந்த வார்த்தை எங்கள் இரண்டு பேருக்கும் இனித்தது. ஏன் இனித்தது என்பதை இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். நம் வீட்டில் தறி பழக வருகிறவர்களுக்கு எடுத்தவுடன் பட்டு கொடுப்பதில்லை. அறுந்த நூல், சாயம் சரியாகப் பிடிக்காத பருத்தி, மிச்சம் மீதி, இதில்தான் கை பழக வேண்டும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு இழைகள் அறுந்தாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கை படிந்த பிறகுதான் பட்டு. இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் வழக்கம் இதுதான், சரியான வழக்கமும்தான். அதே கணக்கில் கடைக்காரர் சொன்னது எங்களுக்கு நியாயமாகப் பட்டது. "மொதல்ல கை படியட்டும் பாப்பா, அப்புறம் நல்லதா வாங்கிக்கலாம்" என்று உன் அப்பா சொன்னார். நானும் தலையாட்டினேன். நல்ல பொருளைக் குழந்தை சம்பாதித்துத்தான் வாங்க வேண்டும் என்று எங்கோ படித்த ஒரு கருத்து அப்போது என் மனதில் அழகாக உட்கார்ந்திருந்தது.

ஜரிகை வாங்கப் போனால் உன் அப்பா கல்லில் உரசாமல் வாங்க மாட்டார். பட்டு நூலைப் பிரித்து, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு விரல்களுக்கு நடுவே முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். அப்படிப்பட்ட மனிதர் அன்று அந்தக் கிடாரின் ஒரு கம்பியைக்கூட அழுத்திப் பார்க்கவில்லை. நானும் அழுத்தவில்லை. கடைக்காரர் ஒரு தடவை எல்லாக் கம்பிகளையும் மொத்தமாக வருடினார், சத்தம் வந்தது, போதும் என்று கிளம்பிவிட்டோம்.

அந்தப் பொருளை நினைத்தாலே இப்போது எனக்குக் குமட்டுகிறது. மிகைப்படுத்தவில்லை. முதலில் அதன் வாசனை. மலிவு வார்னிஷும் கோந்தும் சேர்ந்த, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் வாசனை, நீ வாசித்துவிட்டு வந்து சாப்பிட்டால் உன் விரல்களில் இருக்கும். நடுவில் இருக்கும் ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே மரத்தூள், வழிந்து காய்ந்த கோந்துச் சொட்டுகள். பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற பக்கம் மட்டும் பளபளப்பு. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகத் துண்டுகளின் முனைகளை அரம் போட்டுத் தேய்க்கவில்லை, உன் இடது உள்ளங்கை ஓரத்தில் வரிவரியாகக் கீறல் விழுந்தது. கம்பிகள் மேலே ஏணி போல எழும்பி நின்றன. கழுத்து முடியும் இடத்தில், கம்பிக்கு அடியில் ஒரு பென்சிலை நுழைக்கலாம், நான் நுழைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த உயரத்திலிருந்து ஒரு பதினான்கு வயதுப் பெண் கம்பியைக் கட்டையோடு அழுத்த வேண்டும். உன் விரல் நுனிகளில் கொப்புளம் வந்து, உடைந்து, அதன் மேலேயே மறுபடியும் வந்தது. கற்றுக்கொள்கிற எல்லோருக்கும் விரல் கொஞ்சம் காய்க்கும் என்று உன் கிடார் மாஸ்டர் சொல்லியிருந்தார். காய்ப்பு வேறு, இது வேறு.

மாஸ்டர் சனிக்கிழமைகளில் போளூரிலிருந்து பஸ்ஸில் வந்து, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் வகுப்பு எடுத்தார். பன்னிரண்டு பிள்ளைகள், எல்லோரிடமும் அதே கடைக் கிடார். வகுப்பு தொடங்கும்போது அவரே பன்னிரண்டுக்கும் சுருதி சேர்த்துக் கொடுப்பார். பன்னிரண்டாவது முடிவதற்குள் முதலாவது இறங்கியிருக்கும். நீ வீட்டில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கி, இரண்டு நிமிடத்தில் நிறுத்தி, முகத்தைச் சுளித்து, "தப்பா கேக்குதும்மா" என்பாய். கம்பியின் திருகைத் திருகுவாய். மறுபடியும் தப்பாகக் கேட்கும். கம்பியை அழுத்தாமல் மீட்டினால் சரியாகவும், அழுத்திக்கொண்டு கழுத்தில் கீழே போகப்போகத் தப்பாகவும் கேட்கிறது என்று துல்லியமாகச் சொன்னாய். "நீ சரியா வாசி, சரியா கேக்கும்" என்று தறியில் இருந்தபடியே உன் அப்பா சொல்வார். நீ சொன்னதை ஒரு சாக்கு என்று எடுத்துக்கொண்டோம். வாசிக்க உடம்பு வணங்காத பெண் காதைக் காரணம் சொல்கிறாள் என்று.

ஐந்தாம் மாதம் என்று நினைக்கிறேன், மழை. உன்னை அழைத்துப் போகக் குடையோடு மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தேன். நீ செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாய். மாஸ்டர் உனக்கு முன்னால் இறங்கி வந்தார்.

"உங்க பொண்ணுக்குக் காது ரொம்ப நல்லாருக்குதும்மா" என்றார். "கட்டைதான் பேஜாரு. எப்படி வெச்சாலும் அதுல சுருதி நிக்காது. கழுத்து கோணிகினு கீது. மத்த பசங்களுக்கு அது தப்புன்னே தெரியல, அடிச்சிகினு போவுதுங்க. இவளுக்குத் தெரியுது, அதான் கஷ்டப்படுறா. சார் கைல சொல்லி வேற ஒண்ணு பாருங்க. புதுசே வேணான்னாலும், வேலூர்ல பழசு நல்லதா கெடைக்கும், நானே பாத்து எடுத்துத் தரேன்."

நான் "சொல்றேங்க" என்றேன். சொல்லவில்லை.

விலையைக் காரணமாகச் சொல்லிவிடலாம், அது பொய். அந்த வருடம் நம்மால் முடிந்திருக்கும். காரணம் வேறு. அடுத்த வருடம் உனக்குப் பத்தாம் வகுப்பு. நீ பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப் பையைப் போட்டுவிட்டு அதைத்தான் எடுத்தாய். நிறுத்து என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பெண்ணின் ஆசையைக் கெடுத்த அம்மா என்ற பெயர் எனக்கு வேண்டாம், படித்த பெண் நான், அப்படி ஒருத்தியாக என்னை நானே நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்தக் கிடார் நான் செய்யத் தயங்கிய வேலையைச் செய்துகொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்தால் போதும், நீயே விட்டுவிடுவாய், யார் கையிலும் கறை இருக்காது. இதை அன்று இத்தனை தெளிவாக நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். மாடிப்படியிலிருந்து வீடு வரும் வரை உன் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டே நினைத்தேன்.

தை மாதத்தில் அது நடந்தது. சுருதி நிற்கவில்லை என்று நீ அழத் தொடங்கினாய். உன் அப்பா தறியிலிருந்து எழுந்து வந்தார். கம்பி என்றால் அவருக்குப் பாவு இழை. தொய்ந்திருந்தால் இழுத்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. "இழுப்பு பத்தல, வேற ஒண்ணுமில்ல, குடு இப்படி" என்று வாங்கி, பாவு உருளையை முடுக்குகிற அதே கையால் திருகை முடுக்கினார். கம்பி அறுந்து உன் கன்னத்தில் அடித்தது. கீழே கம்பிகளைத் தாங்கிய கட்டை, கோந்து விட்டு, வாயைப் பிளந்த மாதிரி முன்பக்கம் தூக்கிக்கொண்டது. அவருக்கு வந்தது வெட்கம். நம் வீட்டு ஆண்களுக்கு வெட்கம் கோபமாகத்தான் வெளியே வரும். "கையில இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போ. அதுக்கு எத்தன சாக்கு. உனக்கு வராது பாப்பா, வுட்டுடு" என்றார். நீ கன்னத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாய். மாஸ்டரின் வார்த்தைகள் ஒன்றுவிடாமல் என் வாயில் இருந்தன. நான் குனிந்து அறுந்த கம்பியைச் சுருட்டினேன். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. இதை எழுதும்போது அந்த வார்னிஷ் வாசனை என் தொண்டைக்கு வருகிறது.

நீ அதை அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டாய். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாய், எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இன்னொன்றும் நடந்தது. அதுவரை நீ தலை வாரும்போதும், குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போதும் வாய்க்குள் எதையாவது பாடிக்கொண்டே இருப்பாய். அந்தத் தை மாதத்துக்குப் பிறகு அது நின்றுபோனது. நான் கவனித்தேன். கவனித்ததையும் சொல்லவில்லை.

கிடார் பரணுக்குப் போன அந்த வருடக் கோடையில்தான் பக்கத்து வீட்டு அமுதா நம்மிடம் தறி பழக வந்தாள். அவளுக்காக மூலையில் கிடந்த பழைய தறியை உன் அப்பா தயார் செய்தார். ஒரு முழு நாள். ட்யூபில் தண்ணீர் விட்டு நான்கு கால்களுக்கும் மட்டம் பார்த்தார். மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்தார். ஒரு காலுக்கு அடியில் மெல்லிய மரச்சீவலை வைத்து, எடுத்து, சீவி, மறுபடியும் வைத்தார். அமுதா வாசலில் நின்றுகொண்டு, "போதும் வுடுங்கண்ணா, நான் இன்னா பட்டுப் பொடவையா நெய்யப் போறேன், கழிவு நூலுதானே" என்றாள். அவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "நூலு எப்படி வேணா இருக்கலாம். பழகறவளுக்குத்தாம்மா தறி நேரா இருக்கணும். எனக்குன்னா கோணத் தறியில கூட சமாளிச்சிடுவேன். உனக்கு, தப்பு உன் கையிலயா தறியிலயான்னு எப்படித் தெரியும்?"

நான் பக்கத்தில் ராட்டையில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தேன். ராட்டையை நிறுத்திவிட்டேன். எட்டு மாதம் நாங்கள் செய்த தப்பு முழுவதையும் அவரே வாயால் சொல்லிவிட்டார், அவருக்கே தெரியாமல். மட்டமான நூலைக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு நாங்கள் உனக்குக் கோணத் தறியைக் கொடுத்திருந்தோம். அப்போது நீ உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய், கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான் ராட்டையை மறுபடியும் சுற்றத் தொடங்கினேன்.

கற்றுக்கொள்கிறவர்களுக்கு மலிவான கிடார் வாங்கலாமா என்று யாராவது உன்னைக் கேட்டால், நான் சொல்வதைச் சொல். விலை குறைவாக இருப்பது குற்றமில்லை. பளபளப்பு இல்லாமல் இருக்கலாம், நிறம் போயிருக்கலாம், பழையதாக இருக்கலாம், யாரோ கைவிட்டதாக இருக்கலாம். ஆனால் கழுத்து நேராக இருக்க வேண்டும், கம்பி விரலுக்குப் பணிய வேண்டும், சேர்த்த சுருதி ஒரு பாட்டு முடியும் வரையாவது நிற்க வேண்டும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் கூடவே கடைக்கு வந்து வாசித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அப்படி ஒன்று கைக்கு எட்டாவிட்டால் வாங்கவே வேண்டாம், யாரிடமாவது வாரத்துக்கு ஒரு நாள் கடன் கேட்கலாம், காத்திருக்கலாம். காத்திருக்கிற பிள்ளைக்கு ஆசை மிஞ்சும். கோணல் கட்டையோடு போராடிய பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய ஒரு பொய் மட்டும் மிஞ்சும். தெரிந்தவனால் மட்டமான கருவியில்கூட ஒப்பேற்றிவிட முடியும். புதிதாக வருகிறவளுக்குத்தான் நல்லது வேண்டும், இந்த உலகம் அவளுக்குத்தான் குப்பையைக் கொடுத்து, "கத்துக்கிறதுக்கு இது போதும்" என்கிறது. எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே அருவருப்பாக இருக்கிறது. வேலையிலும் உன்னிடம் இதைச் சொல்வார்கள். சொன்னால், முதலில் கருவியைப் பார். உன்னைச் சந்தேகிப்பதைப் பிறகு வைத்துக்கொள். எல்லாத் தோல்விக்கும் கருவியே காரணம் என்று நான் சொல்லவில்லை, தறியைத் திட்டியே வயதான சோம்பேறிகளை இந்த ஊரில் எனக்குத் தெரியும். ஆனால் உன் விஷயத்தில் கருவிதான் காரணம். கருவியோடு நானும்.

உன் பஸ் போன பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலமே அமுதா வந்தாள். அவள் மகள் ஆறாம் வகுப்பு, இப்போது புதிதாக யாரோ கிடார் வகுப்பு நடத்துகிறார்களாம். "பாப்பாதான் ஊருக்குப் பூட்டாளே, பரண்ல சும்மாதானே கெடக்குது, குடுங்கக்கா" என்றாள். நான் "அது ஒடஞ்சிருக்குது அமுதா" என்றேன். அது உண்மை, பாதி உண்மை, எனக்குப் பழக்கமான அளவு. "குடுக்க மனசு வரலன்னு சொல்லுங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு அதே ஃபேன்சி கடையில் ஒன்று வாங்கினாள். இந்தத் தடவை நீல நிறம்.

நான்கு வாரம் கழித்து, நம் வீட்டுத் தறியில் உட்கார்ந்து, ஊடை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டே அமுதா சொன்னாள்: "எங்க வீட்டு மகாராணிக்கு கிடாரு போதுமாம்க்கா. எப்பப் பாரு, தப்பா கேக்குது தப்பா கேக்குதுன்னு ஒரே புலம்பலு. வாசிக்கத் துப்பில்ல, காது மேல பழி போடுது."

நான் எழுந்து, ஏணி போட்டு, பரணிலிருந்து அந்த வேட்டி மூட்டையை இறக்கி, தறிக்கு முன்னால் தரையில் வைத்துப் பிரித்தேன். மாஸ்டர் மழையில் சொன்னது எல்லாவற்றையும், அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, அமுதாவுக்கும் உன் அப்பாவுக்கும் சொன்னேன். இரண்டு தறிகளும் நின்றன. உன் அப்பா கிடாரைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, பாவு உருளையைப் பார்ப்பது போல அதன் கழுத்து நெடுக நோட்டம் பார்த்தார்.

"கோணலாத்தான் கீது" என்றார். பிறகு, "அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அவர் மறுபடியும் தறியில் உட்கார்ந்தார். ஆனால் நெய்யவில்லை.

மறுநாள் காலை அவர் அமுதா மகளின் நீலக் கிடாரைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. மதியம் அங்கிருந்தே வேலூருக்கு பஸ் ஏறி, கிடார் பழுது பார்க்கிற ஒருவரிடம் அதைக் காட்டியிருக்கிறார். பழுது பார்க்கிறவர் மீட்டிப் பார்த்துவிட்டு, சரி செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். உன் அப்பா அதோடு திரும்பி வந்தார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தப்பு உன் காதில் இல்லை என்று சொன்னார். அவள் தலையாட்டினாள். வகுப்புக்கு மறுபடியும் போகவில்லை.